கன்னிப் பெட்டியில் இருந்த பாவாடை

ஐப்பசி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை என்றால் கிராம முன்சீப் காசிராஜன் காலையில் வீட்டில் எதுவும் சாப்பிட மாட்டார். பக்தி ஒன்றும் இல்லை. அன்று ஏலக்காய் முதலாளி சின்னச்சாமி வீட்டில் கன்னி பூசை. நெய் வடியும் சர்க்கரைப் பொங்கல், உளுந்த வடை, ஏலக்காய் மணக்கும் பாயசம் என்று இலை நிறைந்துவிடும். இருபத்து நாலு வருடமாக ஒரு வருடம்கூடத் தப்பாமல் முதல் பந்தியில் உட்கார்ந்தவர் அவர். 1956ஆம் வருடத்து ஐப்பசியிலும் அப்படித்தான் வெறும் வயிற்றோடும் வெளுத்த வேட்டியோடும் கிளம்பினார்.

போடிக்கு மேற்கே மலையடியில் இருக்கிறது அந்த ஊர். பேர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் மானஸ்தர்கள், பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கோபப்பட வேண்டிய நாளில் அவர்களுக்குக் கோபம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

சின்னச்சாமி அந்த ஊரின் பெரிய மனிதர். மலைச்சரிவில் அவருக்கு ஏலத்தோட்டம், போடியில் கடை, உடம்பில் கதர்ச் சட்டை. பள்ளிக்கூடத்தில் புதிதாக ஆரம்பித்த மதிய உணவுக்கு முதல் மூட்டை அரிசி கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கு மேடை ஏறி, பிள்ளைகள்தான் கண்கண்ட தெய்வங்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காசிராஜனும் துடைத்துக்கொண்டார்.

கன்னி பூசை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். வயசுக்கு வருமுன் ஒரு பெண்பிள்ளை இறந்துபோனால் அவளைக் குடும்பத்துக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். அவள் உடுத்தியிருந்த துணியை ஓலைப்பெட்டியில் வைத்து உத்திரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை பெட்டியை இறக்கி, புதுப் பாவாடை ஒன்றை அதன்மேல் வைத்து, மறுபடியும் ஏற்றிவிடுவார்கள். இதில் குறை சொல்ல ஏதுமில்லை. சின்னச்சாமியின் குடும்பத்தில் எந்தக் காலத்திலும் எந்தப் பெண்பிள்ளையும் இறக்கவில்லை என்பதுதான் ஒரே குறை. அந்த வீட்டுக் கன்னிக்குப் பேரும் கிடையாது. ஆத்தா என்று சொல்லிக் கும்பிடுவார்கள். தெருவில் ஒருவரும் பேரைக் கேட்டதில்லை. தெரிந்த பேரை எதற்குக் கேட்பது.

பூசையில் ஒரு சிறுபிள்ளைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பூ வைத்து, கன்னியாகப் பாவித்து மணையில் நிறுத்த வேண்டும். அந்த வருடம் நின்றவள் பேச்சி. ஒன்பது வயது. கொட்டகுடிக்கு மேலே தோட்டத்தில் வேலை செய்கிற கூலிக்காரரின் மகள். சின்னச்சாமியின் மருமகள் சுப்புத்தாய் ஏழு மாதக் கர்ப்பிணி. பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டவென்று பேச்சியை முன்கூட்டியே கொண்டுவந்து, அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம் என்று பாத்திரம் துலக்க விட்டிருந்தார்கள்.

சின்னச்சாமி தன் ஆகிருதியை மடக்கி அந்தப் பிள்ளையின் காலில் விழுந்தார். அடுத்து காசிராஜன் விழுந்தார். தெருவே வரிசையாக விழுந்தது. பேச்சிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

பந்தி முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போட உட்கார்ந்தபோது, பட்டுப் பாவாடையை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் பேச்சி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். கோழி கூவுமுன் எழுந்தவள், கால் தடுக்கிவிட்டது. செம்புத் தண்ணீர் முழுக்கக் கதர்ச் சட்டையில். சின்னச்சாமி அவள் காதைப் பிடித்துத் தூக்கினார். குதிகால் தரையை விட்டு எழும்பியது.

"கண்ணு எங்கெடி போச்சு, சனியனே," என்றார்.

காலைத் தொட்டுக் கும்பிட்ட கையில் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. காசிராஜன் பார்த்தார். பிறகு வெற்றிலையின் காம்பைக் கிள்ளுவதில் கவனமாகிவிட்டார். அந்த மாதிரி நேரத்தில் கிள்ளுவதற்கென்றே வெற்றிலைக்குக் காம்பு இருக்கிறது போலும். அடுக்களை வாசலில் நின்ற சுப்புத்தாய் பேச்சியைப் பார்க்கவில்லை. முன்சீப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் காசிராஜன் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கூடை, மேலே வாழையிலை மூடியிருந்தது. மிச்சப் பொங்கல் என்று நினைத்துக் காசிராஜன் முகம் மலர்ந்தார். சுப்புத்தாய் பக்கத்துத் தேவாரம் ஊரில் பிறந்த பெண், எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

"சின்ன மாமா, செத்தவுக பேரெழுதுற பொஸ்தகம் உங்ககிட்டதான இருக்கு? இருபத்து நாலு வருசமா பூசை நடக்குதாம், முப்பத்திரெண்டாம் வருசத்து ஐப்பசியைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க."

"எதுக்குத்தா?"

"கும்புடுற சாமிக்கு ஒரு பேரு வேணாமா? எங்க வீட்டுல கேட்டா, வாயப் பொத்துங்குறாக."

கிராமத்து ஜனன மரணப் பதிவேடுகள் பரம்பரையாகக் காசிராஜன் வீட்டு மரப்பெட்டியில்தான் இருந்தன. அப்பா முன்சீப், அவருக்குப் பிறகு இவர். அந்தப் பக்கத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துவிடுவார். எடுத்து வைத்தார்.

செல்லத்தாய், பெண், வயது ஒன்பது, தகப்பன் சுருளிவேல், கூலி, மலைக்காய்ச்சல். எல்லாம் அழகான குண்டெழுத்து.

"உங்க கையெழுத்தா மாமா?"

"அப்பா சொல்லச் சொல்ல எழுதுனேன். எனக்கு அப்ப இருவது வயசு."

சுப்புத்தாய் வாழையிலையை விலக்கினாள். பொங்கல் இல்லை. பழைய பாவாடை ஒன்றை எடுத்து, விரித்த பதிவேட்டின் மேலேயே பரப்பினாள். யாரோ பெரியவளின் கண்டாங்கிச் சேலையைக் கிழித்து, சணல் நூலால் தைத்த பாவாடை. அதன் கீழ்ப்பாதியில் ஒரு சாண் இடைவெளி விட்டு, குறுக்கே மூன்று கருகிய பட்டைகள் இருந்தன.

"நேத்து பெட்டிய நாந்தான் எறக்குனேன். எங்க வீட்டுல சமைக்கிற சுருளியம்மா கெழவி, கண்ண மூடிக்கிட்டுப் புதுத்துணிய மேல வையி தாயி, பழசத் தொட்ராதன்னுச்சு. இம்புட்டு வருசமா எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுத்தான் வச்சிருக்காக. நான் மூடல." அவள் கருகிய இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "காய்ச்சலு துணியில இப்பிடி வரி போடுமா மாமா?"

காசிராஜன் சொல்ல வேண்டியதை நாம் சொல்லிவிடலாம். அவர் வாயிலிருந்து வர இன்னும் கொஞ்ச நேரமாகும்.

அந்த வருடம் ஐப்பசியில் அடைமழை. மலையிலிருந்து இறங்கிய ஏலக்காய் நனைந்து வந்தது. சின்னச்சாமி வீட்டுக்குப் பின்னால் காய் உலர்த்துகிற அறை ஒன்று உண்டு. ஸ்டோர் என்பார்கள். சன்னல் இல்லாத கல் கட்டடம், சுவரின் உச்சியில் மட்டும் கைநுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். வெளியே உள்ள அடுப்பில் விறகை எரித்தால், சூடு தகரக் குழாய்களில் ஏறி அறைக்குள்ளே வளைய வளைய ஓடும். காய் காய்கிற அறையில் மனுசர் கால்மணி நேரம் நிற்க முடியாது.

செல்லத்தாயைப் பெற்றவர்கள் மேலே தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். சோறும் துணியும் கொடுத்துச் சொந்தப் பெண்ணைப் போல வைத்துக்கொள்கிறோம் என்று சின்னச்சாமி அவளைக் கீழே கூட்டிவந்தார். ஆறு மாதக் கைக்குழந்தைக்குத் தொட்டில் ஆட்டுவது அவள் சோலி. அது போக ஒரு வீட்டு வேலை முழுக்கவும் அவள் சோலி. அன்று மத்தியானம் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். குழந்தை அழுதது. சின்னச்சாமியின் மத்தியானத் தூக்கம் கலைந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை செய்த குற்றம் இவ்வளவுதான்.

தொட்டில் கம்பாலேயே அடித்தார். தரதரவென்று இழுத்துப்போய் ஸ்டோருக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். கொஞ்சம் கெடக்கட்டும், தூக்கம் தெளியும் என்றார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கச் சொல்லவில்லை, காய் கெட்டுப்போகுமே. திரும்பி வந்து, கலைந்த தூக்கத்தைத் தொடர்ந்து தூங்கினார்.

தெருவில் ஏழு வீடுகள். பிள்ளை கதவைத் தட்டுகிற சத்தம் ஏழு வீட்டுக்கும் கேட்டது. ஒரு வீட்டில் ஆட்டுக்கல்லை வேகமாக ஆட்டினார்கள். ஒரு வீட்டில் வாசல் கதவைச் சாத்தினார்கள். முதலாளி வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று ஒரு வீட்டில் பேசிக்கொண்டார்கள். முதலாளியிடம் சிரித்துப் பேச வேண்டும், அவர் தோட்டத்தில் தன் ஆளுக்கு வேலை வேண்டும், அவர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தி வேண்டும். இத்தனை வேண்டியவர்களுக்கு ஒரு கூலிக்காரன் பிள்ளை வேண்டாதவளாகிவிட்டாள்.

இருபது வயதுக் காசிராஜன் மட்டும் எழுந்துபோனான். பின்சந்து வழியாக ஸ்டோர் வரைக்கும் போனான். இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சேற்றில் அவன் காலடிச் சத்தம் கேட்டு உள்ளே தட்டுவது நின்றது.

"யாருண்ணே அது? கதவத் தொறங்கண்ணே. இனி தூங்க மாட்டேண்ணே."

தாழ்ப்பாள் வெளியில்தான் இருந்தது. பூட்டுக்கூட இல்லை, விரலால் தள்ளினால் போதும். காசிராஜன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டிலிருந்து அப்பா கூப்பிட்டார். பிள்ளைக்குப் பதில் சொல்லாமல், கால்விரலை ஊன்றிச் சத்தமில்லாமல் திரும்பிவிட்டான். சத்தம் கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும் அல்லவா, அவ்வளவு கூச்ச சுபாவம்.

பொழுது சாயுமுன்னே தட்டுவது அடங்கியது. தெருவுக்கு நிம்மதியாயிற்று. காயைக் கிளறிவிடப் போன சமையற்காரி சுருளியம்மாள்தான் கதவைத் திறந்தாள். மேல்துவாரத்தில் முகத்தை வைத்து மூச்சு வாங்குவதற்காகப் பிள்ளை சுட்ட குழாய்களின் மேலேயே ஏறியிருக்கிறாள். எட்டவில்லை.

முன்சீப்பையும் மகனையும் கூட்டிவந்தார்கள். காலிலும் கையிலும் இருந்ததைக் காசிராஜன் பார்த்தான். அப்பா பார்க்காததுபோல, மலைக்காய்ச்சல்னு எழுதுடா என்றார். எழுதினான். தீய்ந்த பாவாடையைக் கழற்றிப்போட்டு, வேறு துணி சுற்றி, இருக்கிற வெளிச்சத்திலேயே புதைத்துவிட்டார்கள்.

மறுநாள் மலையிலிருந்து தாய் மாயக்காள் ஓடிவந்தாள். பிள்ளையைக் காட்டவில்லை. அவள் கட்டியிருந்த பாவாடையையாவது கொடுங்கள் என்றாள். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும், எரித்துவிட்டோம் என்றார்கள். அவள் நம்பவில்லை. வருடம் தவறாமல் மலையிறங்கி வந்து முன்சீப் வீட்டு வாசலில் நின்று, எம்பிள்ள எப்படிச் செத்துச்சு சாமி என்று கேட்டாள். காசிராஜனும் வருடம் தவறாமல் பதிவேட்டைத் திறந்து காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் எழுத்தைக் காட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது.

எரித்துவிட்டதாகச் சொன்ன பாவாடை ஸ்டோர் மூலையில் கிடந்தது. ஒரு மாதத்துக்குள் சின்னச்சாமியின் மனைவிக்கு வலிப்பு வந்தது, மாடு இரண்டு செத்தது. குறி சொல்கிற கோடாங்கி வந்து உடுக்கை அடித்து, ஒரு கன்னி கோபமாக இருக்கிறாள், உடுத்திய துணியை எடுத்து வைத்துக் கும்பிடுங்கள் என்றான். சின்னச்சாமி நடுங்கிப்போனார். அடுப்பில் போட வேண்டிய சாட்சியைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்து, கற்பூரம் காட்டி, இருபத்து நாலு வருடம் பத்திரமாகக் காப்பாற்றினார். மனைவி அந்தப் பயத்திலேயே சில வருடத்தில் போய்ச் சேர்ந்தாள். இவர் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

இவ்வளவையும் காசிராஜன் சுப்புத்தாயிடம் சொல்லி முடித்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. ஸ்டோர் வரைக்கும் தான் போனதை மட்டும் அப்போதும் சொல்லவில்லை.

"நீ வாயும் வயிறுமா இருக்க. இதெல்லாம் கிண்டாதத்தா," என்றார்.

"வாயும் வயிறுமா இருக்கப்போயித்தான் மாமா கேக்குறேன். அன்னைக்குத் தொட்டில்ல கெடந்தது எம்புருசன். அவுக தூக்கத்துக்கு ஒரு பிள்ளையக் குடுத்தாச்சு. இப்ப எம்பிள்ளைக்குத் தொட்டிலாட்ட ஒருத்தி வந்து நிக்குறா." பாவாடையை மடித்துக் கூடைக்குள் வைத்தாள். "இது பெட்டியிலயே இருக்கட்டும். அங்கெ ஒருத்தரும் தொடமாட்டாக. திங்கக்கெழமை போடி ஸ்டேசனுக்குப் போறேன். பொஸ்தகத்தோட நீங்க வந்தா இது சாட்சி. வராட்டி வெறுங் கந்தத்துணி. யோசிச்சுச் சொல்லுங்க."

காசிராஜன் யோசித்தார். என்ன யோசித்தார் தெரியுமா? பொய்ப் பதிவு எழுதியவனுக்கு ஜெயில். பரம்பரை உத்தியோகம் போகும். தெருவில் தலை காட்ட முடியாது. யோசித்து முடித்து, அன்று சாயங்காலமே நேராகச் சின்னச்சாமியிடம் போனார். சீக்கிரம் அந்தப் பாவாடையை எரித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனார். மனிதர் அப்படி.

சின்னச்சாமி கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். காசிராஜன் குனிந்து காதில் விஷயத்தைச் சொன்னார். மருமகள் பேரை விட்டுவிட்டு, ஊரில் பேச்சு கிளம்புகிறது என்று மட்டும் சொன்னார்.

"எரிக்கிறதா?" சின்னச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்குக் கிறுக்கா தம்பி? ஆத்தாவ எரிச்சா எங்குடும்பம் வெளங்குமா? மருமகளுக்குப் பேறுகாலம் வருது. போலீசு வந்தா பேசிக்கிடலாம். அவகிட்ட யாரு பேசுறது?"

"அண்ணே, அது தடயம்ணே."

"தடயமாவது ஒண்ணாவது. நீ எழுதுனது காய்ச்சலு. ஒங்கையெழுத்து இருக்குறவரைக்கும் எனக்கென்ன பயம்? கூலிக்காரன் பிள்ள ஒண்ணு செத்துச்சு, ஏதோ போதாத காலம். அதுக்குத்தான் வருசா வருசம் பட்டு சாத்துறேன்ல. பெத்தவ சாத்துவாளா?"

இந்த நேரத்தில் வீட்டின் பின்பக்கத்திலிருந்து தட் தட்டென்று சத்தம் கேட்டது. காசிராஜனுக்கு முதலில் தன் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது என்று தோன்றியது. மறுபடியும் கேட்டது. மரக்கதவில் சின்னக் கை தட்டுகிற சத்தம்.

"அது என்னண்ணே?"

"அந்தக் கொட்டகுடிக் கழுதை. தயிர்ப்பானைய ஒடச்சுப்புட்டா. ஸ்டோர்ல போட்டிருக்கேன்." சின்னச்சாமி காசிராஜனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏன் முழிக்குற? அடுப்பு எரியல. நான் என்ன அம்புட்டுக் கூறு கெட்டவனா?"

இருபத்து நாலு வருடத்தில் அந்த மனிதர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். பிள்ளையை அடைக்கிறபோது அடுப்பை அணைத்துவிட வேண்டும். காசிராஜன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆளின் இலையிலா இத்தனை வருடம் உட்கார்ந்தோம் என்று அருவருப்பாக இருந்தது. அடுத்த கணம், இந்த ஆளைவிட நாம் எதில் ஒசத்தி என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. அவர் அடைத்தார், நாம் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எழுந்தார். சின்னச்சாமி, உக்காரு தம்பி, காப்பி வருது என்றார். காசிராஜன் கூடத்தைக் கடந்து, அடுக்களையைக் கடந்து, பின்கட்டுக்குப் போனார். சுருளியம்மாள் அம்மியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டோர் கதவு, அதே கதவு. தாழ்ப்பாளும் அதேதான், வெளியில்தான் இருந்தது. அவர் காலடி கேட்டு உள்ளே தட்டுவது நின்றது.

"யாரு?" என்றது குரல்.

"நாந்தான்த்தா. பயப்படாத," என்று சொல்லித் தாழ்ப்பாளைத் தள்ளினார். இரண்டு விரல்தான் தேவைப்பட்டது.

பேச்சி வேர்வையும் கண்ணீருமாக வெளியே வந்தாள். காசிராஜன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் வழியாகவே திரும்பினார். சின்னச்சாமி எழுந்து வழியை மறித்தார்.

"எங்க கூட்டிட்டுப் போற?"

"போடிக்கு."

"உன் கையெழுத்துதாண்டா இருக்கு. நீயும் உள்ள போவ."

"போறேன்ணே. போயிருக்க வேண்டியவந்தான்."

உள்ளேயிருந்து சுப்புத்தாய் வந்தாள். ஓலைப்பெட்டியை உத்திரத்திலிருந்து கயிற்றோடு அறுத்து இடுப்பில் வைத்திருந்தாள். சின்னச்சாமி அதைப் பிடுங்கக் கை நீட்டினார், பெட்டியைக் கண்டதும் கை தானாகப் பின்வாங்கியது. அத்தனை பெரிய ஆள் ஒரு ஓலைப்பெட்டிக்குப் பயந்து சுவரோடு ஒட்டி நின்றார். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காமல், பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸிலேயே மூன்று பேரும் போடிக்குப் போய்விட்டார்கள்.

இருபத்து நாலு வருசமா என்ன செஞ்சீங்க என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அப்ப எனக்கு வயிறு மட்டுந்தான் இருந்துச்சு சார், வாயி இப்பத்தான் வந்துச்சு என்றார் காசிராஜன். ஸ்டோர் வரைக்கும் போய்த் திரும்பியதையும் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் தலை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். எச்சிலைத் துப்பியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அடுத்த வருடம் மதுரையில் செசன்ஸ் கோர்ட்டில் வழக்கு நடந்தது. சின்னச்சாமிக்குப் பெரிய வக்கீல். யாரோ ஒரு பிள்ளையின் பழைய துணியை வைத்துக்கொண்டு மரியாதைப்பட்ட மனிதரைக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள் என்று வாதாடினார். துணியைக் காட்டுமுன் மாயக்காளைக் கூண்டில் ஏற்றி, உன் மகள் பாவாடைக்கு என்ன அடையாளம் என்று கேட்டார்கள். வயது அறுபதுக்குமேல், ஏலச்செடிக்குள் குனிந்து குனிந்து முதுகு வளைந்தவள்.

"எஞ்சேலையைக் கிழிச்சுத் தச்சதுங்க. தைக்கிறதுக்கு நூலு இல்ல. காய் மூட்டை தைக்கிற கோணி ஊசியும் சணலும் வச்சுத் தச்சேன். சணலு இடுப்புல குத்துதாத்தான்னு பிள்ள அழுதுச்சு. அதான் எஞ் செவப்பு ரவிக்கையில ஒரு துண்டு வெட்டி, இடுப்புக்கு உள்பக்கமா வச்சுத் தச்சுவிட்டேன். குத்தாம இருக்கட்டும்னு."

பாவாடையைப் பிரித்தார்கள். இடுப்புப் பட்டியைப் புரட்டினார்கள். சிவப்புத் துண்டு மங்கிப்போய் இருந்தது. பிள்ளைக்கு இடுப்பில் சணல் குத்தக்கூடாது என்று பார்த்த கையையும், பிள்ளை வெந்தாலும் ஏலக்காய் கெடக்கூடாது என்று பார்த்த கையையும் ஜட்ஜ் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தார்.

முன்சீப் சொன்ன பிறகு சுருளியம்மாளும் சொன்னாள். சின்னச்சாமியின் மகன், அன்று தொட்டிலில் கிடந்தவன், கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. சின்னச்சாமிக்குப் பத்து வருடம் கடுங்காவல். காசிராஜனுக்கு வேலை போய், ஆறு மாதம். அவர் அப்பீல் செய்யவில்லை.

தீர்ப்பைக் கேட்க அந்தத் தெருவே பஸ் பிடித்து வந்திருந்தது. கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் அத்தனை பேரும் மாயக்காளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் அப்பவே சொன்னேன் என்றார் ஒருவர். யாரிடம் சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்னைக்கு எனக்கு மனசே கேக்கல என்றாள் ஆட்டுக்கல்லை வேகமாக ஆட்டியவள். கடைசியில் பிச்சைமணி என்கிறவர், தெருவில் மூத்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஆத்தா, நாங்கெல்லாம் கூடி முடிவு பண்ணிட்டோம். அந்த ஸ்டோர இடிச்சுட்டு, அதே எடத்துல செல்லத்தாய்க்கு ஒரு கோயிலு கட்டப்போறோம். வருசா வருசம் பட்டு சாத்தி, பொங்கலு வைக்கப்போறோம். நீதான் மொதக்கல்லு எடுத்து வைக்கணும்."

காசிராஜனை இரண்டு போலீஸ்காரர்கள் அந்த வழியாகத்தான் கூட்டிப்போனார்கள். மாயக்காள் அவரைப் பார்த்தாள். அவர் குனிந்துகொண்டார். பிறகு அவள் அந்த மரத்தடியில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கோயிலு வேணாம்யா. செத்த பிள்ளைக்குப் பட்டும் வேணாம், பொங்கலும் வேணாம். அடுத்தவ பிள்ளைதானேன்னு காதப் பொத்திக்கிட்டீங்க, அந்தப் பாவத்தைப் பொங்கல் வச்சுக் கழிக்க முடியாது. உசுரோட இருக்குற ஒரு பிள்ள உள்ள இருந்து தட்டுச்சுன்னா, அது யாரு பெத்த பிள்ளையா இருந்தாலும், யாரு வீட்டுக் கதவா இருந்தாலும், எந்திரிச்சுப் போயி தொறந்து விடுங்க. தாழ்ப்பா வெளியில, உங்க பக்கந்தான் இருக்கு."